துவக்க யூ.எஸ்.பி. நினைவகம்

துவக்க யூ.எஸ்.பி. நினைவகம் என்பது, வன்தட்டில் உள்ள இயங்குதளத்தின் துணையின்றித் தானே கணினியைத் தொடக்கிவைக்கும்படி ஆயத்தம் செய்யப்பட்ட யூ.எஸ்.பி. நினைவகம் ஆகும். பேச்சு வழக்கில் இது பூட்டபிள் பென்டிரைவ் எனப்படுகிறது. புதிய இயங்குதளத்தை நிறுவுதல், பழுதான இயங்குதளத்தைச் சீர்செய்தல், தொடங்க மறுக்கும் கணினியிலிருந்து கோப்புகளை மீட்டல், நிறுவாமலேயே ஓர் இயங்குதளத்தை இயக்கிப் பார்த்தல் ஆகியவற்றுக்கு இது பயன்படுகிறது. முன்னர் நெகிழ்வட்டும் குறுவட்டும் செய்த பணியை இன்று இதுவே செய்கிறது.

இயங்கும் முறை

கணினிக்கு மின்சாரம் கிடைத்தவுடன் முதலில் இயங்குவது தாய்ப்பலகையில் பதிந்துள்ள நிலைபொருள் ஆகும். பழைய கணினிகளில் இது பயாஸ் என்றும், 2010களுக்குப் பிந்தையவற்றில் பெரும்பாலும் யூ.இ.எப்.ஐ. என்றும் அழைக்கப்படும். பேச்சில் இரண்டையும் பயாஸ் என்றே சொல்வதுண்டு. நிலைபொருளுக்கு விண்டோஸ் பற்றியோ லினக்ஸ் பற்றியோ எதுவும் தெரியாது. தான் எதிர்பார்க்கும் இடத்தில் தொடக்க நிரல் இருக்கிறதா என்பதை மட்டுமே அது பார்க்கிறது.

பயாஸ் முறையில் அந்த இடம் நினைவகத்தின் முதல் 512 பைட்டுகள் ஆகும். இவற்றுள் 446 பைட்டுகள் நிரலுக்கும், 64 பைட்டுகள் பிரிவு அட்டவணைக்கும், கடைசி 2 பைட்டுகள் அடையாளக் குறிக்கும் உரியவை. யூ.இ.எப்.ஐ. முறையில் முதல் பைட்டுகளுக்கு இந்த முக்கியத்துவம் இல்லை. அங்கு நிலைபொருள் ஃபாட்32 கோப்புமுறைமை கொண்ட ஒரு பிரிவைத் தேடி, அதனுள் இ.எப்.ஐ. என்ற கோப்புறையையும், அதற்குள் பூட் என்ற உட்கோப்புறையையும் திறந்து, அங்குள்ள பூட்எக்ஸ்64 என்ற நிரலை இயக்குகிறது.

தரவிறக்கிய ஐ.எஸ்.ஓ. கோப்பைப் படத்தையோ பாடலையோ நகலெடுப்பது போலப் பென்டிரைவில் இட்டால் கணினி தொடங்காததன் காரணம் இதுவே. ஐ.எஸ்.ஓ. என்பது ஒரு முழு வட்டின் படி. அதனை அப்படியே ஒரு கோப்பாக வைக்கும்போது நிலைபொருள் தேடும் நிரல் அந்தக் கோப்பின் வயிற்றுக்குள் கிடக்கிறது. வெளியில் எதுவும் இல்லை. அதனை வட்டாக விரித்து எழுத வேண்டும்.

வரலாறு

தனிக் கணினிகளில் நெடுங்காலம் நெகிழ்வட்டே துவக்க ஊடகமாக இருந்தது. குறுவட்டிலிருந்து கணினியைத் தொடக்குவதற்கான எல் டொரிட்டோ என்னும் வரையறையை ஃபீனிக்சு, ஐ.பி.எம். நிறுவனங்கள் 1995 ஆம் ஆண்டில் வெளியிட்டன. யூ.எஸ்.பி. நினைவகங்கள் 2000 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தன. சிங்கப்பூரின் டிரெக் 2000 நிறுவனத்தின் தம்ப்டிரைவும், எம்-சிஸ்டம்சு உருவாக்கி ஐ.பி.எம். விற்ற 8 மெகாபைட்டு நினைவகமும் அவற்றுள் முன்னோடிகள்.

குறுவட்டின் கடைசிக் காலம் தமிழ்நாட்டின் கணினி ஆர்வலர் பலருக்கு நினைவிருக்கும். உபுண்டு இயங்குதளத்தின் குறுவட்டுகளை, கேட்டவர்க்கெல்லாம் இலவசமாக அஞ்சலில் அனுப்பும் சிப்இட் என்ற திட்டம் 2005 முதல் 2011 வரை நடந்தது. அகலப்பட்டை இணைப்பு அரிதாக இருந்த ஊர்களில் பலர் லினக்சை முதன்முதலில் கண்டது வெளிநாட்டு அஞ்சல் உறையில் வந்த அந்தக் குறுவட்டில்தான்.

இதனிடையே 2007 இல் யூநெட்பூட்டின், 2011 இல் ரூஃபசு ஆகிய கட்டற்ற மென்பொருள்கள் வெளிவந்தன. ஒரே ஐ.எஸ்.ஓ. கோப்பு குறுவட்டிலும் யூ.எஸ்.பி.யிலும் தொடங்கும்படி அமைக்கும் ஐசோஹைபிரிடு என்ற முறையும் பரவியது. விண்டோஸ் 7 ஐ யூ.எஸ்.பி.யில் எழுத மைக்ரோசாப்ட் 2009 இல் வெளியிட்ட கருவியில் பொது மக்கள் உரிமத்துக்கு உட்பட்ட பிறர் நிரல் கலந்திருந்தது தெரியவந்தது. நிறுவனம் அதனை ஏற்றுக்கொண்டு அக்கருவியின் மூல நிரலை வெளியிட்டது. 2020 இல் வந்த வென்டாய் மேற்கூறிய பொது வழக்கத்துக்கு ஒரு விலக்காகும். பென்டிரைவில் அதனை ஒருமுறை நிறுவிவிட்டால், ஐ.எஸ்.ஓ. கோப்புகளை வெறுமனே நகலெடுத்து வைத்தாலே போதும். தொடக்கத்தில் ஒரு பட்டியலைக் காட்டி, தேர்ந்த கோப்பை அது விரித்துக்கொள்ளும்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் இப்பொருள் பரவலான தேவையானதற்கு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் ஒரு முக்கியக் காரணம் எனலாம். 2011 செப்டம்பர் 15 அன்று அப்போதைய முதல்வர் ஜெ. ஜெயலலிதா இத்திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கான இக்கணினிகளை எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. அவற்றுள் பலவற்றில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் நிறுவப்பட்டிருந்தது. பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூசன்சு என்பதன் சுருக்கமான பாஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவாக்கப்பட்டது.

பல வீடுகளில் அதுவே முதல் கணினி, ஒரே கணினியும் அதுவே. திருக்கோவிலூர் போன்ற சிற்றூர்களில் இதன் விளைவு தெளிவாகத் தெரியும். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகும் வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த இந்நகரைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலோ, மேற்கே கல்வராயன் மலையின் வெள்ளிமலைப் பகுதியிலோ ஒரு மாணவரின் கணினி தொடங்க மறுத்தால், அதனைச் சரிசெய்ய வேண்டிய பென்டிரைவை ஆயத்தம் செய்ய இன்னொரு கணினி வேண்டும், பல ஜி.பி. அளவுள்ள கோப்பைத் தரவிறக்கும் இணைப்பும் வேண்டும். மலைப்பகுதியில் அலைபேசி இணைப்பே எல்லா இடங்களிலும் சீராக இல்லை. கடையில் கொடுத்தால், கோப்புகளைக் காப்பது பற்றிக் கேட்காமல் வன்தட்டு முழுவதையும் அழித்து, உரிமமற்ற விண்டோசை ஏற்றித் தருவது எங்கும் உள்ள வழக்கம். கல்லூரித் திட்ட அறிக்கை, சான்றிதழ்களின் வருடிய படிகள், வேறெங்கும் படியில்லாத குடும்ப நிழற்படங்கள் ஆகியவை இவ்வாறு போய்விடுகின்றன. கணினி நன்றாக இயங்கும்போதே ஒரு துவக்கப் பென்டிரைவை ஆயத்தம் செய்து வைத்திருந்தால் இவ்விழப்பில் பெரும்பகுதி நேராது.

இத்துறையில் தன்னார்வலர்களின் பங்கு குறிப்பிடத்தக்கது. விழுப்புரத்தில் இயங்கும் குனூ/லினக்ஸ் பயனர் குழு, காஞ்சிபுரம், சென்னை லினக்ஸ் பயனர் குழுக்கள் ஆகியவை கட்டற்ற மென்பொருள் பற்றிய பயிற்சிகளை நடத்தி வந்துள்ளன. 2012 இல் தொடங்கிய கணியம் மின்னிதழ் இப்பொருள் பற்றித் தமிழிலேயே படித்தறிய வழிசெய்தது.

ஆயத்தம் செய்தல்

பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்களுக்கும் விண்டோசுக்கும் 8 ஜி.பி. கொள்ளளவு போதுமானது. பென்டிரைவில் முன்பு இருந்தவை அனைத்தும் அழிந்துவிடும் என்பதால் அவற்றை வேறிடத்தில் காப்பது முதற்பணி. ஐ.எஸ்.ஓ. கோப்பை அதனை வெளியிடுபவரின் சொந்தத் தளத்திலிருந்தே பெறுதல் வேண்டும். தரவிறக்கம் பாதியில் அறுபட்ட கோப்பு பார்வைக்கு முழுமையானது போலவே இருக்கும். நிறுவல் எழுபது விழுக்காட்டில் நின்றபிறகே குட்டு வெளிப்படும். எனவே வெளியீட்டாளர் தரும் எஸ்.எச்.ஏ.256 சரிபார்ப்புத்தொகையுடன் ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. லினக்சில் இதற்கென ஒரு கட்டளை உண்டு. விண்டோசில் செர்ட்யூட்டில் என்ற உள்ளிணைந்த கருவி இதனைச் செய்யும்.

விண்டோசில் ரூஃபசு பரவலாகப் பயன்படுகிறது. அதில் தீர்மானிக்க வேண்டியவை இரண்டே. ஒன்று, பிரிவு அட்டவணை: பழைய பயாஸ் கணினிக்கு எம்.பி.ஆர்., யூ.இ.எப்.ஐ. கணினிக்கு ஜி.பி.டி. மற்றொன்று, சில லினக்ஸ் கோப்புகளுக்கு மட்டும் ரூஃபசு கேட்கும் கேள்வி: ஐ.எஸ்.ஓ. முறையா, டி.டி. முறையா என்பது. முதல் முறையில் எழுதியது தொடங்காவிட்டால் இரண்டாவதில் எழுதிப் பார்க்கலாம். லினக்சில் டி.டி. என்ற கட்டளையோ, பலேனா எட்சர் போன்ற வரைகலைக் கருவியோ பயன்படும். விண்டோஸ் நிறுவல் கோப்பு பொதுவாக ஐசோஹைபிரிடு அன்று என்பதால் டி.டி. கட்டளையால் எழுதிய விண்டோஸ் பென்டிரைவ் தொடங்காது. இதனை அறியாமல் பென்டிரைவைக் குறைசொல்வோர் பலர்.

டி.டி. கட்டளை ஆபத்தானது. எந்த நினைவகத்தில் எழுத வேண்டும் என்பதைக் குறிக்கும் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும், எவ்விதக் கேள்வியும் கேட்காமல் கணினியின் வன்தட்டின் மேலேயே எழுதிவிடும். எழுதுவதற்கு முன்னர் வேறு பென்டிரைவ்களையும் புறவன்தட்டுகளையும் கழற்றிவிடுவதும், எல்.எஸ்.பி.எல்.கே. கட்டளையால் கொள்ளளவைப் பார்த்து நினைவகத்தை அடையாளம் காண்பதும் இத்தவற்றைத் தடுக்கும். எழுதி முடிந்ததாகத் திரையில் வந்தபின்னும் தரவு சிறிது நேரம் இடைநினைவகத்தில் இருக்கக்கூடும். முறைப்படி வெளியேற்றிய பின்னரே பென்டிரைவைப் பிடுங்க வேண்டும்.

வேறு கணினி இல்லாத நிலையில் ஆண்ட்ராய்டு கைபேசியும் உதவும். எட்ச்டிராய்டு என்ற கட்டற்ற செயலி, ஓ.டி.ஜி. இணைப்பான் வழியாகக் கைபேசியிலிருந்தே லினக்ஸ் ஐ.எஸ்.ஓ. கோப்பைப் பென்டிரைவில் எழுதுகிறது. கைபேசியை ரூட் செய்ய வேண்டியதில்லை. விண்டோஸ் கோப்புகளை எழுத இது பொருந்தாது. இருப்பினும் வீட்டின் ஒரே கணினி செயலிழந்தபோது கோப்புகளை மீட்க ஒரு லினக்ஸ் பென்டிரைவே போதுமானது.

கணினியைத் தொடக்குதல்

பென்டிரைவைச் செருகிக் கணினியை இயக்கியவுடன் துவக்கப் பட்டியலுக்குரிய விசையை அழுத்த வேண்டும். லெனோவோ, டெல், ஏசர் கணினிகளில் இது பொதுவாக எஃப்12, எச்.பி.யில் எஃப்9. ஏசரில் எஃப்2 மூலம் அமைப்புகளுக்குள் சென்று எஃப்12 பட்டியலை முதலில் இயலச்செய்ய வேண்டியிருக்கலாம். லெனோவோ ஐடியாபேடு வகைகள் சிலவற்றில் பக்கவாட்டில் ஊசிமுனையால் அழுத்தும் நோவோ பொத்தான் உண்டு. விண்டோஸ் 8 முதல் உள்ள விரைவுத் தொடக்க வசதி கணினியை முழுமையாக அணைப்பதில்லை என்பதால், விசையை எத்தனை முறை அழுத்தியும் பட்டியல் வராமல் போகலாம். அப்போது விண்டோசில் மறுதொடக்கம் கொடுத்து அழுத்துவது பயன்தரும்.

லினக்ஸ் பென்டிரைவாயின் உடனே நிறுவாமல், நிறுவாது இயக்கும் முறையில் முதலில் தொடக்கி, கம்பியில்லா இணைப்பு, ஒலி, தொடுபலகை ஆகியன வேலைசெய்கின்றனவா என்று பார்ப்பது வழக்கம். பழுதான விண்டோசிலிருந்து கோப்புகளை மீட்பதும் இம்முறையில்தான். வன்தட்டைத் திறந்து வேண்டியவற்றைப் புறவன்தட்டுக்கு நகலெடுத்துவிட்டால், அதன்பின் எந்த நிறுவலையும் அச்சமின்றிச் செய்யலாம். வன்தட்டு பிட்லாக்கரால் மறைகுறியாக்கப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புத் திறவுகோல் இன்றித் திறக்க இயலாது. விண்டோஸ் 11 கணினிகளில் இது பயனர் அறியாமலே இயக்கப்பட்டிருக்கலாம். அத்திறவுகோல் பெரும்பாலும் அவருடைய மைக்ரோசாப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும்.

சிக்கல்களும் தீர்வுகளும்

பென்டிரைவ் துவக்கப் பட்டியலில் தெரியாமை மிகப் பரவலான சிக்கல். பயாஸ் முறைக்கு எழுதிய பென்டிரைவை யூ.இ.எப்.ஐ. மட்டும் உள்ள கணினியில் செருகுவதும், அதன் மறுதலையும் இதற்கு முதற் காரணம். இரண்டாவதாக, இணைப்பியை மாற்றிப் பார்க்கலாம். சில பழைய கணினிகள் யூ.எஸ்.பி. 3 இணைப்பியிலிருந்து தொடங்குவதில்லை. யூ.எஸ்.பி. விரிவாக்கியின் வழியாகச் செருகுவதையும் தவிர்க்கலாம். ஆட்டம் செயலி கொண்ட சில சிறு கணினிகளில் செயலி 64 பிட்டாக இருந்தாலும் யூ.இ.எப்.ஐ. 32 பிட்டாகவே இருக்கும். அவை பூட்எக்ஸ்64 ஐ விட்டுவிட்டு பூட்ஐஏ32 என்ற நிரலையே தேடுகின்றன. டெபியனின் நிறுவல் கோப்புகளில் அது சேர்க்கப்பட்டுள்ளது.

ஃபாட்32 கோப்புமுறைமையில் ஒரு கோப்பு 4 ஜி.பி.யை எட்டக்கூடாது. அண்மைய விண்டோஸ் ஐ.எஸ்.ஓ.களில் உள்ள இன்ஸ்டால்.விம் என்ற கோப்பு இதனைக் கடந்துவிடுவதால், கையால் நகலெடுப்போர் இவ்விடத்தில் தடுக்கி நிற்கின்றனர். ரூஃபசு, என்.டி.எப்.எஸ். பிரிவில் எழுதி அதனைத் திறக்கும் ஒரு சிறு நிரலை உடன் வைப்பதால் இச்சிக்கல் எழுவதில்லை. டிசம் கருவியால் அக்கோப்பைத் துண்டுகளாக்குவது மற்றொரு வழி.

பாதுகாப்பான துவக்கம் எனப்படும் செக்யூர் பூட் தனியொரு தலைவலி. கையொப்பமிடப்பட்ட நிரல்களை மட்டுமே இயக்கவிடும் இவ்வசதியை உபுண்டு, டெபியன், ஃபெடோரா போன்றவை மைக்ரோசாப்டின் கையொப்பம் பெற்ற சிம் என்ற இடைநிரல் மூலம் கடக்கின்றன. கையொப்பம் பெறாத சிறு வழங்கல்களுக்கு இவ்வசதியை அணைத்தே ஆக வேண்டும். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் இற்றைப்படுத்தலொன்று பழைய சிம் நிரல்களைத் தள்ளுபடி செய்ததால், இரட்டை இயங்குதளக் கணினிகள் பலவற்றில் லினக்ஸ் தொடங்கவில்லை, பழைய ஐ.எஸ்.ஓ. எழுதிய பென்டிரைவ்களும் பாதுகாப்புக் கொள்கை மீறல் என்ற செய்தியுடன் நின்றன. புதிய ஐ.எஸ்.ஓ. எழுதுவது இதற்கு எளிய தீர்வு. மைக்ரோசாப்டின் 2011 ஆம் ஆண்டுச் சான்றிதழ்களின் காலம் 2026 இல் முடியுமாறு அமைந்தது. எனவே 2023 ஆம் ஆண்டுச் சான்றிதழால் மட்டும் கையொப்பமிட்ட நிரல்களை, இற்றைப்படுத்தாத பழைய கணினிகள் ஏற்காமல் போகலாம். பிட்லாக்கர் உள்ள கணினியில் செக்யூர் பூட்டை அணைத்தால் அடுத்த தொடக்கத்தில் மீட்புத் திறவுகோல் கேட்கப்படும். அதனை முன்னரே குறித்துக்கொள்ள வேண்டும்.

நிறுவி தொடங்கியும் வன்தட்டைக் காணவில்லை என்று கூறுவதுண்டு. அண்மைய இன்டெல் கணினிகளில் வி.எம்.டி. என்ற சேமிப்பக அமைப்பே பெரும்பாலும் காரணம். இதற்குரிய இயக்கியை உற்பத்தியாளரிடமிருந்து பெற்று நிறுவலின்போது அளிக்கலாம். விண்டோஸ் 7 நிறுவலில் குறுவட்டு இயக்கி இல்லை என்று வரும் செய்தி பலரைக் குழப்பியுள்ளது. அங்குக் குறைவது யூ.எஸ்.பி. 3 இயக்கி. பென்டிரைவை யூ.எஸ்.பி. 2 இணைப்பிக்கு மாற்றினால் பல கணினிகளில் நிறுவல் தொடரும்.

கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் மலிவான பென்டிரைவ்கள் சந்தையில் உள்ளன. 64 ஜி.பி. என அச்சிட்ட ஒன்றில் உண்மையில் 8 ஜி.பி. மட்டும் இருக்கலாம். எழுதும்போது பிழை காட்டாமல் நிறுவலின் நடுவில் கோப்பு சிதைந்ததாக வருவது இதன் அடையாளம். எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 ஆகிய கருவிகளால் உண்மைக் கொள்ளளவை அறியலாம். மாறாக, லினக்ஸ் எழுதிய நல்ல பென்டிரைவை விண்டோசில் செருகினால் சில மெகாபைட்டுகளே காட்டி, வடிவமைக்கவா என்று கேட்கும். பென்டிரைவ் கெட்டுவிட்டதாக எண்ணி எறிந்தோரும் உளர். விண்டோஸ் அறியாத கோப்புமுறைமை என்பதைத் தவிர அதில் குறை ஏதும் இல்லை. டிஸ்க்பார்ட்டில் கிளீன் கட்டளை கொடுத்துப் பிரிவை மீண்டும் உருவாக்கினால் முழுக் கொள்ளளவும் திரும்பும். இக்கட்டளையும் தவறான வட்டின்மேல் கொடுக்கப்பட்டால் டி.டி.யைப் போன்றே கொடியது.

பென்டிரைவைச் செருகியிருந்தால் மட்டுமே தொடங்கும் கணினி என்பதும் அவ்வப்போது கேட்கும் முறையீடு. தொடக்க நிரலான கிரப்பை நிறுவி வன்தட்டுக்கு மாறாகப் பென்டிரைவில் எழுதிவிட்டது என்பது இதன் பொருள். பென்டிரைவிலிருந்து தொடக்கி, கிரப்பை வன்தட்டில் மீண்டும் நிறுவுதல் வேண்டும்.

வன்தட்டுப் பிரிவைத் தேர்தல்

மேற்கூறிய சிக்கல்கள் அனைத்தும் மீளக்கூடியவை. நேரமும் பொறுமையுமே செலவு. மீள முடியாதது பிரிவுத் தேர்வில் நேரும் தவறு. விண்டோஸ் நிறுவியின் பட்டியலில் சி, டி என்ற வழக்கமான எழுத்துகள் வருவதில்லை. டிரைவ் 0, பிரிவு 1, பிரிவு 2 என்ற வரிசையே வரும். கோப்புகள் டி பகுதியில் பாதுகாப்பாக உள்ளன என்று எண்ணி, எது டி என்று அறியாமல் எல்லாப் பிரிவுகளையும் நீக்கிவிடுவோர் உண்டு. விண்டோஸ் இயங்கும்போதே ஒவ்வொரு பகுதியின் அளவையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டால் பட்டியலில் அளவைக்கொண்டு இனங்காணலாம். உபுண்டு நிறுவியில் வட்டை அழித்து நிறுவுக என்ற தெரிவு, விண்டோசையும் டி பகுதியையும் உற்பத்தியாளரின் மீட்புப் பிரிவையும் ஒருங்கே அழிக்கும். விண்டோசுடன் சேர்த்து நிறுவுக என்ற தெரிவே இரட்டை இயங்குதளத்துக்கு உரியது. அத்தெரிவு தோன்றாவிட்டால் நிறுவலை நிறுத்திவிட்டு, விண்டோஸ் முழுமையாக அணைக்கப்பட்டதா என்றும், பென்டிரைவ் விண்டோஸ் நிறுவப்பட்ட அதே முறையில் தொடங்கியதா என்றும் பார்க்க வேண்டும்.

பழைய மடிக்கணினிகள்

விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. விண்டோஸ் 11 க்கு டி.பி.எம். 2.0, செக்யூர் பூட் வசதி, 4 ஜி.பி. நினைவகம், மைக்ரோசாப்டின் பட்டியலில் உள்ள செயலி ஆகியன தேவை. 2011 முதல் சில ஆண்டுகள் வழங்கப்பட்ட அரசு மடிக்கணினிகள் இவ்வரம்பை எட்டமாட்டா. இத்தேவைகளைத் தவிர்த்து எழுதும் தெரிவு ரூஃபசில் உண்டு. ஆயினும் அவ்வாறு நிறுவிய கணினிக்கு இற்றைப்படுத்தல்கள் தொடரும் என்பதற்கு உறுதியில்லை. குறைந்த நினைவகம் உள்ள கணினிகளில் எல்.எக்ஸ்.டி.இ. அல்லது எக்ஸ்.எப்.சி.இ. பணிச்சூழலுடன் டெபியனோ, லுபுண்டுவோ நன்கு இயங்குகின்றன. டெபியனின் வலை நிறுவல் கோப்பு 1 ஜி.பி.க்கும் குறைவு என்றாலும் எஞ்சியவற்றை நிறுவலின்போது இணையத்திலிருந்தே பெறும். இணைப்பு நலிந்த ஊருக்கு எடுத்துச்செல்வதாயின், முழு ஐ.எஸ்.ஓ.வை நகரிலேயே தரவிறக்கி எழுதிக்கொள்வது உசிதம். தமிழ்த் தட்டச்சுக்கு தமிழ்99 உள்ளிட்ட விசைப்பலகைகள் எம்17என் தொகுதியில் உள்ளன. ஐபஸ் வழியாக அவற்றை இயலச்செய்யலாம்.